வேலைக்குத் திரும்பியதும் வரும் காய்ச்சல்: ஒரு வெல்டரும் துத்தநாக ஆக்சைடு நானோ துகளும்

உப்புக்காற்று வீசும் ஊரில் சாதா இரும்பு நிற்காது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கமெல்லாம் புதிதாகப் போட்ட கேட்டும் கிராதியும் சில மழைக்காலம் பார்ப்பதற்குள் பொரிந்து உதிரத் தொடங்கிவிடும். அதனால் மாடியில் ஷீட் கூரை போடுகிறவர், படிக்கட்டுக்குக் கைப்பிடி வைக்கிறவர், கோழிக்கூண்டு அடிக்கிறவர் என்று எல்லோரும் துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பையே கேட்கிறார்கள். அந்தப் பூச்சு இரும்பைக் காப்பாற்றுவது உண்மை. வெல்டிங் சூட்டில் அதே பூச்சு ஆவியாகிப் புகையாக எழும்புகிறது. அந்த வெள்ளைப் புகையில் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு நானோ துகள், அதாவது கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத மிக மிகச் சின்னத் துகள். அதைச் சுவாசித்த ஒருவருக்கு என்ன ஆனது, அவருடைய நுரையீரல் செல்களுக்குள் என்ன நடந்திருக்கும், இத்தனை காலம் அது ஏன் பிடிபடாமல் போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நோயாளியின் ஒப்புதல் உண்டு. ஊரையும் அடையாளங்களையும் விட்டுவிட்டேன்.

நோயாளி வந்த நிலை

வயது முப்பதுகளின் நடுவில். பதினெட்டு வயதிலிருந்து வெல்டிங் தொழில். கோட்டாறு சவேரியார் திருவிழாவை ஒட்டிச் சில நாள் லீவு எடுத்திருந்தவர், டிசம்பர் 3 கழிந்த மறுநாள் பட்டறைக்குத் திரும்பியிருக்கிறார். வடகிழக்குப் பருவமழை விடாமல் அடித்த நாள். காலையிலிருந்து மாலை வரை ஜிஐ பைப்பில் ட்ரஸ், அதாவது கூரையைத் தாங்கும் சட்டம் அடிக்கும் வேலை. வீட்டுக்கு வரும்போதே நாக்கில் இனிப்பு கலந்த ஓர் உலோகச் சுவை இருந்தது, டீ குடித்தால் டீ ருசியே இல்லை என்றார். தொண்டை வறண்டு, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. இரவு எட்டு மணி வாக்கில் உடம்பெல்லாம் உளைச்சல், தலைவலி, வறட்டு இருமல், நெஞ்சில் ஓர் இறுக்கம். அப்புறம் குளிர் தூக்கிப் போட ஆரம்பித்தது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டிக்கொண்டே இருந்ததாக மனைவி சொன்னார். பத்து மணிக்கு மேல் ஆட்டோ பிடித்து அழைத்து வந்தார்.

வெப்பநிலை 102.6 டிகிரி ஃபாரன்ஹீட். நாடித்துடிப்பு 112. மூச்சு நிமிடத்துக்கு 22. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. ஆக்சிஜன் அளவு 96 சதவீதம். ஸ்டெதாஸ்கோப்பில் நுரையீரல் சுத்தமாகக் கேட்டது. கண் சிவக்கவில்லை, கெண்டைக்கால் தசையை அழுத்தினால் வலியில்லை, தோலில் தடிப்போ கருகிய புண்ணோ இல்லை, கழுத்து விறைக்கவில்லை.

இந்தக் கடைசி வரியில் உள்ள ஒவ்வொன்றும் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் மழைக்காலத்தில் கட்டாயம் தேட வேண்டியது. எலிக்காய்ச்சல் உண்டு, டெங்கு உண்டு, ஸ்க்ரப் டைஃபஸ் உண்டு. குஜராத், மங்களூர் பக்கம் மீன்பிடிக்கப் போய்த் திரும்புகிறவர்களோடு மலேரியாவும் வரும். குளிரோடு காய்ச்சல் என்று ஒருவர் வந்தால் மருத்துவரின் மனம் இந்த வரிசையில் ஓடுவதுதான் முறை. இரவே ரத்தம் எடுத்தோம். வெள்ளையணுக்கள் 14,800, அதில் கிருமியை எதிர்க்க முதலில் ஓடிவரும் நியூட்ரோஃபில் வகை 86 சதவீதம். தட்டணுக்கள் 2.3 லட்சம். அழற்சியைக் காட்டும் சிஆர்பி கூடியிருந்தது. சிறுநீரகம், கல்லீரல் அளவுகளில் குறையில்லை. மலேரியா ஸ்மியரும் டெங்கு என்எஸ்1-ம் நெகட்டிவ். மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. எலிக்காய்ச்சலுக்கான ஐஜிஎம் பரிசோதனையை அன்று செய்யவில்லை. முதல் நாளில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்காது என்பதால் அந்த நெகட்டிவை வைத்து எதையும் சொல்ல முடியாது.

காய்ச்சலும் நியூட்ரோஃபில் ஏற்றமும் சேர்ந்து வந்தால் பாக்டீரியா தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் ஊசி போடத்தான் கை போகும். இவருக்கு முன்பு அப்படித்தான் நடந்திருக்கிறது, பல முறை. ஒரு தடவை வைடல் பரிசோதனையை வைத்து டைபாய்டு என்று சொல்லி இரண்டு வாரம் மருந்து சாப்பிட்டிருக்கிறார்.

நோயைக் காட்டிக் கொடுத்தது மனைவி சொன்ன ஒரு பேச்சு. "ஒவ்வொரு லீவு முடிஞ்சு போனாலும் இதே கதைதான் டாக்டர். பெருநாளுக்கு அப்புறம் வரும், கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வரும். மறுநாள் காலையில எந்திரிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருப்பாங்க. வேலைக்குப் போக மடிச்சுக்கிட்டு நடிக்கிறான்னு அத்தை சொல்லுவாங்க." அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லீவு முடிந்த முதல் நாள் வேலை, வேலை முடிந்து சில மணி நேரம் கழித்துக் குளிர், ஒரு நாளுக்குள் தானாக அடங்குவது, மறுநாளும் அதே வேலை செய்தாலும் காய்ச்சல் வராமலிருப்பது. எந்தக் கிருமியும் காலண்டர் பார்த்து வராது. வெல்டர் ஒருவருக்கு இந்தத் தாளம் வந்தால் முதலில் நினைக்க வேண்டிய நோய் ஒன்று உண்டு. மருத்துவ நூல்களில் அது உலோகப் புகைக் காய்ச்சல். பித்தளை வார்க்கும் தொழிலாளர்களிடம் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் அதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். வார விடுமுறைக்குப் பிறகு வருவதால் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றும் பேர் வந்தது.

ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை. பாராசிட்டமால், நிறையத் தண்ணீர், ஓய்வு, இரவு முழுக்க ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டிருப்பது, அவ்வளவுதான் சிகிச்சை. காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். நாலாம் நாள் பார்த்தபோது வெள்ளையணுக்கள் 8,000-க்குள் வந்திருந்தன.

இரண்டாம் நாளைப் பற்றிய எச்சரிக்கை

வீட்டுக்கு அனுப்பும் முன் அவரிடம் அழுத்திக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. சில்வர் ராடு வைத்துப் பிரேசிங் (ராடை மட்டும் உருக்கி இரண்டு உலோகத்தை ஒட்டுவது) ஏதாவது செய்தீர்களா? காட்மியம் பூசிய போல்ட், பழைய உதிரிபாகம் எதையாவது சூடாக்கினீர்களா? இல்லை என்றார்.

இந்தக் கேள்விக்குக் காரணம் காட்மியம் ஆக்சைடு. நகைக்கடை விளம்பரங்களில் ஒரு காலத்தில் பெரிதாக எழுதி வைத்திருந்த கேடிஎம் என்பது இந்தக் காட்மியத்தைத்தான் குறித்தது. பற்றவைக்கும் பொடியில் அதைக் கலந்தார்கள். காட்மியம் 767 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்தப் புகையை மூக்கருகில் வைத்துச் சுவாசித்தவர்கள் பொற்கொல்லர்கள். சில வகை சில்வர் பிரேசிங் ராடுகளிலும் காட்மியம் இருந்திருக்கிறது. காட்மியம் புகை பட்டவருக்கும் முதல் சில மணி நேரம் இதே குளிர், இதே காய்ச்சல், இதே உலோகச் சுவை. துத்தநாகமாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் சரியாகும். காட்மியமாக இருந்தால் அந்த நேரத்தில்தான் மூச்சுத்திணறல் கூடும், நுரையீரலில் நீர் கோக்கும், உயிரே போகலாம். அதனால் உலோகப் புகைக் காய்ச்சல் என்று முடிவு செய்த பிறகும், இரண்டாம் நாள் மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வரச் சொல்ல வேண்டும். காய்ச்சல் குறைந்து மூச்சுத்திணறல் மட்டும் ஏறினாலும் அப்படித்தான். பெயிண்ட் கழுவும் குளோரின் கலந்த கரைப்பான் தடவிய இரும்பை வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். அதுவும் இப்படித் தாமதமாகத்தான் தாக்கும்.

பட்டறையில் பார்த்தது

நோயைப் புரிந்துகொள்ள நேரில் போய்ப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. பட்டறை பத்துக்கு இருபது அடி, ஒரே ஷட்டர். மழைச்சாரல் மெஷினில் அடிக்கும் என்று அன்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கி வைத்திருந்தார்கள். பின்சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட ஓட்டை இருந்தது, ஃபேன் இல்லை.

நான் இருந்தபோது ஷட்டரை முழுக்க ஏற்றச் சொல்லிவிட்டு ஒரு மூட்டு பற்றவைத்துக் காட்டினார். பூச்சில்லாத சாதா எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பைப்பில் ராடு பட்டால் புகை கொஞ்சம் பழுப்பாக வரும். ஜிஐ பைப்பில் ராடு தொட்ட மாத்திரத்தில் தீயின் ஓரம் பச்சை கலந்து வெளுத்தது, வெள்ளைப் புகை திரண்டு நேராக அவர் முகக்கவசத்துக்கு அடியில் ஏறியது. கறுப்புக் கண்ணாடி கண்ணைக் காக்கும், புகையைத் தடுக்காது. பற்றவைத்து முடித்ததும் மூட்டின் இரு பக்கமும் மஞ்சளாக ஒரு பொடி படிந்திருந்தது. கண்ணெதிரே அது ஆறி வெள்ளையானது. சூட்டில் மஞ்சள், ஆறினால் வெள்ளை என்பது துத்தநாக ஆக்சைடுக்கே உரிய குணம். வேதியியல் பரிசோதனை எதுவும் இல்லாமலே இன்னதென்று சொல்லிவிடலாம். மெஷினுக்குப் பின்னால், கூரைச் சட்டத்தின் மேல், எல்லா இடத்திலும் இலவம் பஞ்சு போல வெள்ளை இழைகள் தொங்கின. புகையின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்தவை அவை.

துத்தநாகம் 420 டிகிரியில் உருகி 907 டிகிரியில் கொதித்துவிடும். இரும்பு உருக 1,500 டிகிரி வேண்டும். ஆக, இரும்பைப் பற்றவைக்கும் சூட்டில் மேலே உள்ள துத்தநாகம் பொறுத்துக்கொண்டு இருக்கவே முடியாது. ஆவியாகிக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சட்டென்று ஆறும்போது சில பத்து நானோமீட்டர் அளவில் துகள்களாக உறைகிறது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

அந்த அறையின் காற்றை அளக்கக் கருவி கையில் இல்லை. ஆனால் கணக்குப் போடலாம். கடைகளில் 120 ஜிஎஸ்எம் என்று விற்கும் பூச்சில், சதுர மீட்டருக்கு உள்ளும் புறமும் சேர்த்து 120 கிராம் துத்தநாகம். 40 மில்லிமீட்டர் சதுரப் பைப்பில் ஒரு மூட்டைச் சுற்றி மொத்தம் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பூச்சு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். எரியும் துத்தநாகம் 0.38 கிராம், அதிலிருந்து உண்டாகும் ஆக்சைடு கிட்டத்தட்ட அரை கிராம். அதில் பத்தில் ஒரு பங்குதான் காற்றில் மிதக்கிறது, மீதி கீழே விழுகிறது என்றே எடுத்துக்கொள்வோம். அறையின் கொள்ளளவு 57 கனமீட்டர். ஒரு கனமீட்டர் காற்றில் 0.85 மில்லிகிராம் வந்துவிடுகிறது. இது ஒரே ஒரு மூட்டுக்கு. ஒரு ட்ரஸ்ஸில் எத்தனை மூட்டு என்று வெல்டிங் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த எண்ணை ஏன் இவ்வளவு கவனமாகப் பார்க்கிறேன் என்றால், 2018ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு இதே எல்லையைத் தொட்டது. அங்குள்ள போஹும் (Bochum) என்ற நகரில், ஆரோக்கியமான தன்னார்வலர்களை நானோ அளவு துத்தநாக ஆக்சைடு கலந்த காற்றில் நான்கு மணி நேரம் இருக்க வைத்தார்கள், இடையிடையே லேசாக சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். கனமீட்டருக்கு 1 மில்லிகிராம், 2 மில்லிகிராம் என்ற அளவுகளில் உடல் முழுக்க அழற்சியின் அடையாளங்கள் ரத்தத்தில் தெரிந்தன. இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை துத்தநாக ஆக்சைடு புகைக்கு வைத்திருந்த எட்டு மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 5 மில்லிகிராம். அமெரிக்காவின் சட்ட வரம்பும் 5 தான். அந்த வரம்புக்குள் இருந்தாலும் காய்ச்சல் வரலாம் என்று இதிலிருந்து தெரிகிறது. அதுவும், நாலு பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையை அந்தச் சட்டம் எட்டிப் பார்ப்பதே இல்லை. வரம்பைக் குறைக்க வேண்டும் என்பதும், சின்னப் பட்டறைகளுக்கும் யாராவது அளந்து சொல்ல வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

செல்லுக்குள் நடப்பது

50 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாக எண்ணினால் ஒரு மில்லிகிராம் துத்தநாக ஆக்சைடில் இரண்டரை லட்சம் கோடிக்கும் மேல் துகள்கள் இருக்கும். மூக்கு முடியும் சளியும் பெரிய தூசியைப் பிடித்துவிடும், இவற்றில் நிறைய தப்பிவிடும். காற்றுப்பைகள் வரை போய்ப் படிகின்றன. அங்கே காவல் இருப்பவை மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள். வந்ததை விழுங்கி, லைசோசோம் என்ற அமிலப் பைக்குள் தள்ளிச் செரிக்கப் பார்ப்பது அவற்றின் வேலை. பாக்டீரியா என்றால் அதில் அழியும்.

இங்கே அந்தப் பாதுகாப்பே வினையாகிறது. துத்தநாக ஆக்சைடு நடுநிலையான நீரில் அதிகம் கரையாது. லைசோசோமின் அமிலத்தில், அதாவது பிஎச் 4.5-லிருந்து 5 வரையுள்ள சூழலில், வேகமாகக் கரையும். செல்லே துகளை உள்ளே கொண்டுபோய்க் கரைத்து, துத்தநாக அயனியை, அதாவது மின்னேற்றம் கொண்ட துத்தநாக அணுவை, தனக்குள் திறந்துவிடுகிறது. சாதாரணமாக ஒரு செல்லுக்குள் கட்டற்ற துத்தநாகம் மிக மிகக் குறைவு. மெட்டலோதயோனின் என்ற புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும், கூடுதலானதை வெளியேற்றத் தனி வாயில்கள் உண்டு. திடீரென்று அயனி பெருகினால் இந்த ஏற்பாடு திணறுகிறது. லைசோசோம் கிழிகிறது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தம் சரிகிறது, அங்கிருந்து வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் கசிந்து கொழுப்புப் படலத்தையும் புரதத்தையும் டிஎன்ஏவையும் தாக்குகின்றன. அளவு கூடினால் செல் இறந்தேவிடும்.

இது ஊகமாக இருந்துவிடக் கூடாது என்று பல ஆய்வகங்கள் சோதித்திருக்கின்றன. 2008ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் குழு துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு, சீரியம் ஆக்சைடு மூன்றையும் மனித மூச்சுக்குழாய் செல்களிலும் விழுங்கு செல்களிலும் ஒப்பிட்டது. துத்தநாக ஆக்சைடு கரைந்து கொன்றது. டைட்டானியம் டை ஆக்சைடு பேசாமல் இருந்தது. சீரியம் ஆக்சைடு செல்லுக்குப் பாதுகாப்பாகவே இருந்தது. 2010ல் அதே குழு துத்தநாக ஆக்சைடு துகளுக்குள் கொஞ்சம் இரும்பைக் கலந்து கரைதிறனைக் குறைத்துப் பார்த்தது, நச்சும் குறைந்தது. கொல்வது கரைந்து வரும் அயனிதான் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சான்று இல்லை. 2008லேயே ஸ்டாக்ஹோமில் மனித நுரையீரல் செல்களில் பல ஆக்சைடுகளை ஒப்பிட்டபோது தாமிர ஆக்சைடு எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. தாமிரப் புகையும் இதே காய்ச்சலைத் தரக்கூடியது.

ஆய்வகத் தட்டில் செல்கள் மேல் ஊற்றும் அளவு, நுரையீரலில் ஒரு நாளில் படியும் அளவைவிடப் பல மடங்கு கூடுதலாக இருப்பது வழக்கம். அதனால் தட்டில் செல் செத்தது என்பதை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது. உலோகப் புகைக் காய்ச்சலில் மட்டும் நமக்கு மனிதர்களிடமிருந்தே சான்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில், ஜிஐ இரும்பை வெல்டிங் செய்தவர்களின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை ஆராய்ந்தார்கள். டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் மூன்று மணி நேரத்திலேயே கூடியிருந்தது. இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 என்ற வேறு இரண்டு அழற்சிப் புரதங்களும் ஏறின. மறுநாள் நியூட்ரோஃபில்கள் திரண்டு வந்திருந்தன. இன்டர்லூகின்-6 ரத்தம் வழியாக மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தை எட்டும்போதுதான் குளிர் தூக்கிப் போடுகிறது. நம் நோயாளிக்கு வேலை முடிந்து சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல் வந்ததற்கும், ரத்தத்தில் 86 சதவீதம் நியூட்ரோஃபில் இருந்ததற்கும் காரணம் இதுவே. தொற்று எதுவும் இல்லாமல், தொற்று வந்தால் ஒலிக்க வேண்டிய எல்லா மணிகளையும் துத்தநாகம் அடித்துவிடுகிறது.

நோயாளியின் அம்மா வேறொன்று கேட்டார். "நம்ம கடற்கரையில டைட்டானியம் மண்ணு கெடக்குன்னு சொல்லுவாங்களே, அதனால வந்திருக்குமோ டாக்டர்?" மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், ரூட்டைல் என்ற டைட்டானியத் தாதுக்கள் இருப்பது உண்மை. ஆனால் அவை கண்ணுக்குத் தெரியும் மணல் மணிகள், நானோ துகள்கள் அல்ல. அந்த மணியால் காற்றுப்பை வரை போக முடியாது. பெயிண்டுக்காக டைட்டானியம் டை ஆக்சைடை நுண்தூளாக்கி, அந்தத் தூளைத் தொழிலிடத்தில் ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பதுதான் கவலைக்குரியது. கரையாததால் அது உடனே காய்ச்சல் தராது, நுரையீரலில் தங்கிவிடும். எலிகளில் கண்டதை வைத்து உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. இந்தக் காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அம்மாவுக்குச் சொன்னேன்.

வேர்க்குருவுக்குத் தடவும் ரோஸ் நிறக் கலமைன் லோஷனிலும் துத்தநாக ஆக்சைடுதான் இருக்கிறது. குழந்தைக்குக்கூடத் தடவலாம், புண்ணில்லாத தோலைத் தாண்டி அது உள்ளே போவது மிகச் சொற்பம். நம் மாவட்டத்தின் ரப்பரை வல்கனைஸ் செய்யவும் அதே பொருள் வேண்டும். பொருள் ஒன்றாக இருந்தாலும், எந்த வழியாக, எந்த அளவுத் துகளாக, எவ்வளவு உடம்புக்குள் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கடைக்கார அண்ணனுக்கு ஏன் வரவில்லை?

பட்டறை முதலாளிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. நோயாளி அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார். அன்று இருவரும் ஒரே ட்ரஸ்ஸில் ஒரே புகையில்தான் நின்றிருக்கிறார்கள். "எனக்கு ஒண்ணும் ஆகலையே டாக்டர். அவனுக்குத்தான் உடம்பு தாங்கல. புகை போனா ஒரு கிளாஸ் பாலும் ரெண்டு பழமும் போதும், சரியாயிரும்." பைப்பைப் பிடித்துக்கொடுக்க நின்ற பையனை அப்புறம் தனியாகக் கேட்டேன். அவனுக்கும் அன்று ராத்திரி நெஞ்சு அடைத்து உடம்பு சுட்டிருக்கிறது. வெளியே சொல்ல வெட்கப்பட்டிருக்கிறான். அவனும் திருவிழாவுக்கு லீவு எடுத்தவன்.

முதலாளி மட்டும் லீவு எடுக்கவில்லை. திருவிழா நாட்களிலும் கடையைத் திறந்து தனியாகக் கேட் வேலை செய்துகொண்டிருந்தார். தினமும் கொஞ்சம் துத்தநாகப் புகை போய்க்கொண்டே இருந்தால் உடல் பழகிக்கொள்கிறது. மெட்டலோதயோனின் உற்பத்தி கூடுவது இதற்கு ஒரு காரணம் என்று விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. சில நாள் இடைவெளி விட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். ஒரே புகையில் நின்ற மூவரில் லீவு எடுத்த இருவருக்குக் காய்ச்சல், எடுக்காதவருக்கு இல்லை. நோயறிதலை உறுதி செய்ய இதைவிட வேறென்ன வேண்டும்?

பழகிவிட்டால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2000ல் வெளியான ஒரு ஆய்வில், மூன்று நாள் தொடர்ந்து துத்தநாக ஆக்சைடைச் சுவாசித்த புதியவர்களுக்கு முதல் நாளைவிட மூன்றாம் நாள் தொந்தரவு குறைந்தது. அதே ஆய்வில் உலோகத்தகடு வேலை செய்து பழகியவர்கள் எங்களுக்கு ஒன்றுமில்லை என்றார்கள், ஆனால் அவர்களுடைய ரத்தத்திலும் இன்டர்லூகின்-6 ஏறியிருந்தது. உடம்பு குறை சொல்வதை நிறுத்திவிட்டது, செல்கள் நிறுத்தவில்லை.

பால் பற்றியும் சொல்ல வேண்டும். உலகமெங்கும் வெல்டர்கள் பாலை நம்புகிறார்கள். பால் வயிற்றுக்குப் போகும், புகை நுரையீரலுக்குப் போகும். குடிப்பதில் கெடுதல் இல்லை, தாகத்துக்கும் நல்லதுதான். பாலைக் குடித்துவிட்டு ஷட்டரை இறக்கிவைத்தால்தான் கெடுதல்.

மாற்றியதும் அப்புறம் பார்த்ததும்

முதலில் சொன்னது பூச்சைச் சுரண்டுவது. பற்றவைக்கும் இடத்தின் இரு பக்கமும் இரண்டு விரற்கடையாவது கிரைண்டரால் துத்தநாகத்தை எடுத்துவிட்டு, வெறும் இரும்பில் ராடு வைக்க வேண்டும். கிரைண்டர் தூசி துகள் அளவில் பெரியது, அதற்கும் மாஸ்க் வேண்டும். வேலை முடிந்து ஆறியபின் அந்த இடத்தில் சிங்க் பெயிண்ட் அடித்தால் துருவும் பிடிக்காது. நேரம் கூடும், வாடிக்கையாளரிடம் கூலி கூட்டிக் கேட்க வேண்டிவரும் என்று முதலாளி தயங்கினார். நியாயமான தயக்கம். மூட்டுக்கு ஒரு நிமிடம் கூடினால் நாள் கடைசியில் அது ஒரு மணி நேரம். ஆனால் நல்ல வெல்டர் யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார், பூச்சோடு பற்றவைத்த மூட்டில் ஓட்டை விழும், தெறிப்பும் அதிகம். வேலையின் தரத்தைச் சொன்னபோதுதான் அவர் சம்மதித்தார்.

இரண்டாவது, தலையைப் புகைத்தூணுக்கு வெளியே வைப்பது. இது ஓசி. குனிந்து மூட்டுக்கு நேர்மேலே முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நிற்பதிலேயே சுவாசிக்கும் புகை வெகுவாகக் குறையும். பின்சுவர் ஓட்டையில் ஃபேன் வந்துவிட்டது. அது வெல்டரின் முகத்தைத் தாண்டிப் புகையை இழுக்காதபடி மேஜையைச் சுவரோரம் திருப்பிப் போட்டார்கள்.

மூக்கைச் சுற்றித் துண்டு கட்டுவதால் பயனில்லை. என்95 மாஸ்க் துகளைப் பிடிக்கும். நானோ துகள் அதன் இழைகளின் இடைவெளியைவிடச் சின்னது, அதனால் நுழைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு சின்னத் துகள் நேர்கோட்டில் போகாது, காற்று மூலக்கூறுகள் மோதி அலைந்து இழையில் ஒட்டிக்கொள்ளும், மின்னேற்றமுள்ள இழை மேலும் இழுத்துக்கொள்ளும். முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும் என்பதுதான் முக்கியம். முகக்கவசத்துக்கு அடியில் போடக் கூடிய, ஃபில்டர் மாற்றும் அரை முக மாஸ்க் இன்னும் நல்லது.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து திரும்பிய நாளில் மழை இல்லை, ஷட்டர் திறந்திருந்தது. பூச்சைச் சுரண்டி, மாஸ்க் போட்டு வேலை செய்தார். காய்ச்சல் வரவில்லை. பொங்கலுக்குப் பிறகும் வரவில்லை. பிப்ரவரியில் ஒரு அவசர வேலைக்காகச் சுரண்டாமல் ஒரு மத்தியானம் பற்றவைத்த அன்று லேசாக நாக்கில் அந்தச் சுவை வந்ததாகச் சொன்னார், காய்ச்சல் வரை போகவில்லை.

மூவருக்கும் நிமோனியா தடுப்பூசி பரிந்துரைத்தேன். வெல்டிங் புகையைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு நிமோகாக்கல் நிமோனியா அதிகம் வருகிறது என்பதால் பிரிட்டனில் அவர்களுக்கு அந்த ஊசி பரிந்துரைக்கப்படுகிறது. வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017ல் வைத்ததையும் சொன்னேன். பீடியைப் பற்றி அப்போதுதான் முதலாளி தானாகவே பேச்சை எடுத்தார். அவருக்கு ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி செய்ததில் காற்றுப்பாதையில் லேசான அடைப்பு தெரிகிறது. அதில் பீடிக்கு எவ்வளவு, புகைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் குறைத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பையனுடைய அளவு சரியாக இருக்கிறது.